சுவருக்கு ஒரு கிராம், வயலுக்கு ஒரு மூட்டை

டி.டி.டி. என்ற பூச்சிமருந்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே இரண்டு கட்சிகள் கிளம்பிவிடும். முதல் கட்சிக்கு அது கோடிக்கணக்கான உயிர்களைக் காத்த மருந்து. பறவைகளுக்காகக் கண்ணீர் விட்ட பணக்கார நாட்டுக்காரர்கள் அதைத் தடை செய்து, ஏழை நாட்டுப் பிள்ளைகளை மலேரியாவுக்குத் தாரை வார்த்துவிட்டார்கள் என்பார்கள். இரண்டாம் கட்சிக்கு அது வெறும் விஷம், கண்டுபிடித்திருக்கவே கூடாத பொருள். இணையத்தில் இந்தச் சண்டையை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். இரு பக்கமும் சரியான தகவல்கள் உண்டு. ஆனால் எங்கே அடித்தார்கள், எவ்வளவு அடித்தார்கள் என்ற கேள்வியை இரு பக்கமும் தாண்டிப் போய்விடுகிறது. எனக்கு மொத்த விஷயமும் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது என்று படுகிறது.

1874-ல் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஒட்மார் சைட்லர் என்ற மாணவர் இந்த வேதிப்பொருளை முதலில் தயாரித்தார். பூச்சியைக் கொல்லும் என்று அவருக்குத் தெரியாது. குறித்து வைத்துவிட்டுப் போய்விட்டார். 65 ஆண்டுகள் கழித்து, 1939-ல், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் கெய்கி நிறுவனத்தின் வேதியியலாளர் பால் முல்லர் பூச்சிமருந்து தேடிக்கொண்டிருந்தபோது இதைத் திரும்பவும் செய்தார். ஈக்களை விட்டிருந்த கூண்டில் தெளித்துப் பார்த்தார். ஈக்கள் செத்தன. அதில் ஆச்சரியம் இல்லை. கூண்டை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டுப் புதிய ஈக்களை விட்டபோது, சுவரில் உட்கார்ந்த ஈக்கள் அப்போதும் விழுந்து செத்தன. அதுதான் ஆச்சரியம். 1948-ல் அவருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அவர் மருத்துவர்கூட இல்லை.

பூச்சியின் நரம்பில் சோடியம் அயனிகள் போய்வரும் வாசல்கள் உண்டு. திறந்து உடனே மூடிக்கொள்ள வேண்டிய அந்த வாசல்களை டி.டி.டி. மூடவிடாமல் பிடித்துக்கொள்கிறது. நரம்பு ஓயாமல் துடித்து, பூச்சி நடுங்கி நடுங்கிச் சாகிறது. காலில் ஒட்டினாலே போதும், பூச்சியின் மேல்தோல் வழியாக உள்ளே போய்விடும். மனிதத் தோல் வழியாக உலர்ந்த பொடி அவ்வளவு எளிதில் இறங்காது. அதனால்தான் 1943–44 குளிர்காலத்தில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில், பேன் வழியாகத் தொற்றும் டைஃபஸ் காய்ச்சல் பரவியபோது, பேனை ஒழிக்கப் பத்து லட்சத்துக்கும் அதிகமானவர்களின் சட்டைக்குள்ளேயே பொடியைப் பீய்ச்சினார்கள். அத்தனை பேருக்கும் அடித்தும் யாரும் சுருண்டு விழவில்லை. கொள்ளைநோய்தான் அடங்கியது. விலையும் மலிவு. போர் முடியும்போது உலகம் முழுக்க இதை ஏதோ வரம்போலப் பார்த்ததற்கு அதுவே காரணம்.

சரி, மலேரியாவுக்கு இது எப்படி வேலை செய்தது? இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கொசுவை எல்லாம் கொன்று தீர்த்ததால் மலேரியா குறைந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். உலகில் எந்த மருந்தாலும் அது முடியாது. மலேரியா நோயாளியைக் கடித்த கொசு உடனே நோயைப் பரப்பிவிடாது. ஒட்டுண்ணி அதன் வயிற்றில் வளர்ந்து, பெருகி, உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேர ஏறக்குறைய பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். கொசு அத்தனை நாள் உயிரோடு இருந்தால்தான் அடுத்தவருக்குக் காய்ச்சல். பெண் கொசு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இரத்தம் குடிக்கும். குடித்ததும் வயிறு கனத்து அதிக தூரம் பறக்க முடியாது. பக்கத்துச் சுவரில் போய் உட்காரும். ஆக, அந்தப் பத்துப் பன்னிரண்டு நாளில் அது பல முறை சுவரில் உட்கார்ந்தாக வேண்டும். அந்தச் சுவரில் மருந்து இருந்தால் அதன் ஆயுள் ஒட்டுண்ணி முதிர்வதற்குள் முடிந்துவிடும். ஊரில் கொசு இருக்கும், கடிக்கவும் செய்யும், ஆனால் நோயைச் சுமக்கும் வயதை எட்டாது. இவ்வளவு அழகான யோசனையை நான் பொதுச் சுகாதாரத்தில் வேறெங்கும் பார்க்கவில்லை.

இதற்கு வேண்டிய மருந்தின் அளவைக் கவனியுங்கள். சுவரில் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கிராம். என் பெரியப்பா எழுபதுகளில் ராமநாதபுரம் பக்கம் மருந்தடிக்கும் குழுவில் வேலை பார்த்தவர். அவர் அந்தக் கணக்கை இன்னும் மறக்கவில்லை. ஐம்பது சதவீதப் பொடி ஒரு கிலோவைப் பத்து லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் குழைத்து, பிறகு மீதித் தண்ணீரை ஊற்றி, துணியில் வடிகட்ட வேண்டும். இல்லாவிட்டால் குழல் அடைத்துக்கொள்ளும். ஒருவர் வாளிக்குள் நிற்கும் பம்பைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு அடிப்பார். இன்னொருவர் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி நின்று மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் என்று பட்டை பட்டையாக அடித்துக்கொண்டு போவார். அந்தப் பத்து லிட்டரில் ஐந்நூறு சதுர மீட்டர் அடிக்கலாம். காய்ந்ததும் சுவரில் வெள்ளையாகப் பொடி பூத்து நிற்கும். கதவுப் பக்கம் தேதியை எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள்.

"அடிக்கிறதுல கஷ்டம் இல்லப்பா. அடிச்சத வச்சிக்கிட்டிருக்க வைக்கிறதுதான் கஷ்டம்" என்றார் பெரியப்பா.

"ஏன், கழுவிடுவாங்களா?"

"கழுவ மாட்டாங்க, மெழுகிடுவாங்க. மண் சுவர்தானே. சாணி போட்டு மெழுகினா மருந்து உள்ளே போயிடும், கொசு மேலே சொகுசா உக்காந்திருக்கும். மூணு மாசம் பொறுங்கம்மான்னு கெஞ்சுவோம். பொங்கல் வந்துட்டா யாரு கேப்பா?"

ஆரம்பத்தில் ஜனங்கள் மருந்தடிக்கிறவர்களை வாசலிலேயே வரவேற்றார்களாம். காரணம் மலேரியா இல்லை, மூட்டைப்பூச்சி. முதல் சில சுற்றுகளில் கட்டிலில் இருந்த மூட்டைப்பூச்சியெல்லாம் ஒழிந்தது. சில வருடங்களில் மூட்டைப்பூச்சிக்கு மருந்து பழகிவிட்டது. அப்புறம் "இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை, சுவர்தான் அசிங்கமாகிறது" என்று கதவைச் சாத்த ஆரம்பித்தார்கள். எதிர்ப்புத் திறன் என்று ஆய்வாளர்கள் சொல்வதை எங்கள் பக்கத்துப் பெண்கள் கட்டிலைத் தட்டியே கண்டுபிடித்துவிட்டார்கள்.

இந்தச் சுவர் வேலை என்ன சாதித்தது என்பதற்கு இலங்கையைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கடினம். 1934-ல் அங்கே பருவமழை பொய்த்தது. ஓடிக்கொண்டிருந்த ஆறுகள் வற்றி, மணலில் குட்டை குட்டையாகத் தண்ணீர் தேங்கியது. தெற்காசியக் கிராமங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோஃபிலிஸ் குலிசிஃபேசிஸ் கொசுவுக்கு அதைவிட நல்ல தொட்டில் கிடையாது. கேகாலை, குருநாகல் பக்கங்களில், வழக்கமாக மலேரியா அதிகம் இல்லாததால் உடலில் எதிர்ப்புச் சக்தியே இல்லாத மக்களிடையே காய்ச்சல் புகுந்தது. 1934–35 கொள்ளைநோயில் ஏறத்தாழ எண்பதாயிரம் பேர் இறந்தார்கள். அப்போது தீவின் மக்கள்தொகை அறுபது லட்சத்தைக்கூட எட்டவில்லை.

1946-ல் இலங்கையில் சுமார் 28 லட்சம் பேருக்கு மலேரியா. அந்தச் சமயத்தில்தான் வீடு வீடாக டி.டி.டி. அடிக்கத் தொடங்கினார்கள். ஆயிரம் பேருக்கு 20.3 ஆக இருந்த நாட்டின் மொத்த இறப்பு விகிதம் ஒரே ஆண்டில், 1947-ல், 14.3 ஆக இறங்கியது. இதில் எவ்வளவு பங்கு டி.டி.டி.க்கு, எவ்வளவு பங்கு போருக்குப் பிந்தைய உணவு நிலைமைக்கும் விரிந்துகொண்டிருந்த மருத்துவமனைகளுக்கும் என்று மக்கள்தொகை ஆய்வாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். அந்த வாதம் நியாயமானதுதான். ஆனால் 1963-ல் நாடு முழுவதும் பதிவான மலேரியா நோயாளிகள் பதினேழே பேர். 28 லட்சத்திலிருந்து 17! இந்த எண்ணை எத்தனை முறை படித்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. பல நூற்றாண்டுகளாகக் காய்ச்சலுக்குப் பயந்து ஆளில்லாமல் கிடந்த உலர் வலயத்தில் கல்லோயா போன்ற பெரிய குடியேற்றத் திட்டங்கள் சாத்தியமானதும் இதனால்தான். அந்தக் குடியேற்றங்கள் தமிழருக்கு என்ன செய்தன என்பது வேறொரு நீண்ட கதை.

இந்தியாவிலும் இதே போக்குதான். சுதந்திரம் வந்த காலத்தில் ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியா, எட்டு லட்சம் மரணம் என்று கணக்கிட்டிருந்தார்கள். 1953-ல் கட்டுப்பாட்டுத் திட்டம், 1958-ல் ஒழிப்புத் திட்டம். அறுபதுகளின் நடுவில் பதிவான நோயாளிகள் ஏறக்குறைய ஒரு லட்சம். ஆகவே இந்த மருந்தைக் கண்டுபிடித்திருக்கவே கூடாது என்று யாராவது சொன்னால் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

இப்போது வயலுக்கு வருவோம்.

சுவரில் ஆறு மாதம் அழியாமல் இருப்பதுதான் டி.டி.டி.யின் பலம். அதே குணம் மண்ணுக்குப் போனால் பல ஆண்டுகள், சில மண்ணில் பத்தாண்டுக்கு மேலும், அப்படியே கிடக்கும். தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். எந்த உயிரின் வயிற்றுக்குள் போனாலும் அதன் கொழுப்பில் தங்கிக்கொள்ளும். அதைத் தின்னும் உயிருக்கு மொத்தமாகப் போய்ச் சேரும். இப்படிப்பட்ட பொருளை அமெரிக்கா விமானத்தில் ஏற்றி வயல் வயலாகத் தூவியது. உச்சமாக 1959-ல் ஒரே ஆண்டில் ஏறக்குறைய 36,000 டன். அதில் மலேரியாவுக்கு என்று ஒன்றும் இல்லை, அங்கே அந்த நோய் அதற்கு முன்பே போய்விட்டது. பருத்திக்கும், பழத்தோட்டங்களுக்கும், காடுகளுக்கும், தெருவோர மரங்களுக்கும் அடித்தார்கள்.

மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக வளாகத்தில் எல்ம் மரங்களை நோய் தாக்கியது. நோயைப் பரப்பும் வண்டைக் கொல்ல, ஐம்பதுகளின் நடுவில் மரங்களுக்கு டி.டி.டி. அடித்தார்கள். இலை உதிர்ந்தது, மண்புழு அந்த இலையைத் தின்றது, ராபின் குருவி அந்தப் புழுவைத் தின்றது. மருந்தடித்ததற்கு அடுத்த வசந்தத்தில் வந்த குருவிகள் புல்வெளியில் நடுங்கிக்கொண்டே செத்து விழுந்தன. ஜார்ஜ் வாலஸ் என்ற பறவையியலாளர் அவற்றை எடுத்து அறுத்துப் பார்த்துத்தான் இந்தச் சங்கிலியைக் கண்டார். லாங் ஐலண்டு கழிமுகத்தில் அறுபதுகளில் அளந்தபோது, மீன் தின்னும் கடற்பறவையின் உடலில் இருந்த டி.டி.டி., அந்தத் தண்ணீரில் இருந்ததைப்போலப் பத்து லட்சம் மடங்குக்கும் மேல்.

சாவைவிடக் கொடுமையானது முட்டையில் நடந்தது. டி.டி.டி. உடலுக்குள் சிதையும்போது டி.டி.இ. என்ற பொருளாகிறது. அது பறவையின் கருப்பைச் சுரப்பியில் சுண்ணாம்புச் சத்து ஓட்டுக்குப் போய்ச் சேர்வதைக் கெடுக்கிறது. ஓடு மெலிந்துவிடும். அடைகாக்க உட்காரும் தாயின் எடையிலேயே முட்டை நொறுங்கும். பிரிட்டனில் டெரிக் ராட்கிளிஃப் பழைய முட்டைச் சேகரிப்புகளைத் தேடிப் போய் எடை போட்டுப் பார்த்தார். 1947-க்கு முன் எடுத்த பைரி வல்லூறு முட்டைகளின் ஓடும், அதற்குப் பின் எடுத்தவற்றின் ஓடும் ஒன்றாக இல்லை. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மெலிந்திருந்தது. 1967-ல் அதை வெளியிட்டார். கலிஃபோர்னியா கடற்கரைக்கு அப்பால் அனகாபா தீவில் 1970-ல் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட பழுப்புக் கூழைக்கடா ஜோடிகள் கூடு கட்டின. பொரித்துப் பிழைத்தது ஒரே ஒரு குஞ்சு. அமெரிக்காவின் தேசியப் பறவையான வெண்தலைக் கழுகு, அலாஸ்காவையும் ஹவாயையும் விட்டுவிட்டுப் பார்த்தால், 1963-ல் 417 ஜோடிகளாகச் சுருங்கியது. 1972-ல் அமெரிக்கா தடை விதித்த பிறகு மெல்ல மெல்லப் பெருகி 2007-ல் பத்தாயிரம் ஜோடியை நெருங்கியது.

பறவைகளுக்கு நடந்தது எல்லோருக்கும் ஓரளவு தெரியும். வயலில் அடித்த மருந்து சுவரில் அடித்த மருந்தையும் கெடுத்தது என்பதுதான் பேசப்படுவதில்லை. எனக்கு இதில் மிகுந்த கோபம் உண்டு. சுவரில் மட்டும் அடித்தால் மருந்தைச் சந்திப்பது இரத்தம் குடித்துவிட்டு வந்து உட்காரும் பெண் கொசுக்களில் ஒரு பகுதிதான். வயலில் அடித்தால் என்ன ஆகும்? மருந்து வழிந்து வாய்க்காலுக்கும் குட்டைக்கும் போகும். அங்கே ஆணும் பெண்ணுமாகக் கொசுப் புழுக்கள் தலைமுறை தலைமுறையாக அதிலேயே வளரும். தாங்காதவை சாகும், தாங்கியவை பெருகும். எல் சால்வடார் போன்ற மத்திய அமெரிக்க நாடுகளில், பருத்திக்கு மருந்தைக் கொட்டிய கரையோரச் சமவெளிகளில்தான் மலேரியாக் கொசுவுக்கு எதிர்ப்புத் திறன் மிக அதிகமாக இருந்தது. கூலிக்குப் பருத்தி பறிக்க வந்தவர்களுக்குத்தான் காய்ச்சல் திரும்ப வந்தது. அவர்களுடைய பாதுகாப்பைப் பருத்தி முதலாளிகள் தின்றுவிட்டார்கள் என்றுதான் நான் சொல்வேன்.

இந்தியாவிலும் 1959-லேயே குஜராத்தில் குலிசிஃபேசிஸ் கொசு டி.டி.டி.யைத் தாங்க ஆரம்பித்துவிட்டது. அதற்குப் பிறகும் முப்பது ஆண்டுகள் விவசாயத்துக்கு அனுமதி இருந்தது; 1989-ல்தான் நிறுத்தினார்கள். 1976-ல் பதிவான மலேரியா நோயாளிகள் 64 லட்சத்தைத் தாண்டினார்கள். கொசுவின் எதிர்ப்புத் திறன் மட்டுமே அதற்குக் காரணம் இல்லை. மருந்து நேரத்துக்கு வந்து சேரவில்லை, பணம் குறைந்தது, வெற்றி கிடைத்துவிட்டது என்று கண்காணிப்பும் தளர்ந்தது.

அதே தளர்ச்சிதான் இலங்கையிலும் நடந்தது. அதையும் ஒரு பொய்க் கதையாக மாற்றிவிட்டார்கள். ரேச்சல் கார்சன் என்ற அமெரிக்க எழுத்தாளர் பூச்சிமருந்துகளின் கெடுதல் பற்றி 1962-ல் புத்தகம் எழுதினார், அதைப் படித்துப் பயந்து இலங்கை டி.டி.டி.யை நிறுத்தியது, மலேரியா திரும்பியது என்று இன்றும் பகிர்கிறார்கள். நடந்தது வேறு. 1963-ல் நோயாளிகள் பதினேழு பேராகக் குறைந்ததால், இனி தேவையில்லை என்று நிறுத்தினார்கள். அறுபதுகளின் பிற்பாதியில் மழை பொய்த்து ஆறுகள் மறுபடி குட்டைகளாயின. இரத்தினக்கல் தோண்டிய குழிகளில் தண்ணீர் தேங்கியது, அங்கே நாடெங்கிலுமிருந்து ஆட்கள் வந்து போனார்கள். 1969-ல் மட்டும் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு நோய். உடனே டி.டி.டி. மறுபடி வந்தது, யாரும் தடுக்கவில்லை. இந்தத் தடவை கொசுதான் அதைத் தாங்கியது. எழுபதுகளில் மாலத்தியான் என்ற வேறு பூச்சிமருந்துக்கு மாற வேண்டியதாயிற்று. கார்சன் பூச்சிமருந்தே கூடாது என்று சொன்னவரும் இல்லை. கண்மண் தெரியாமல் அடித்தால் நோய் பரப்பும் பூச்சிகளுக்கே மருந்து பழகிவிடும் என்று எச்சரித்தவர்களில் அவரும் ஒருவர்.

அவசரப்பட்டு விட்டுவிட்டாலும் ஆபத்துதான், அதையும் சொல்லிவிட வேண்டும். தென்னாப்பிரிக்கா 1996-ல் டி.டி.டி.யைக் கைவிட்டு பைரித்திராய்டு வகை மருந்துக்கு மாறியது. அந்த மருந்தைத் தாங்கும் அனோஃபிலிஸ் ஃபுனெஸ்டஸ் கொசு மொசாம்பிக் பக்கமிருந்து திரும்ப வந்தது. 2000-ல் நோயாளிகள் அறுபதாயிரத்தைத் தாண்டினார்கள். டி.டி.டி.யை மீண்டும் வீட்டுச் சுவருக்குக் கொண்டுவந்தார்கள், கூடவே நல்ல மாத்திரையும் கொடுத்தார்கள். இரண்டும் சேர்ந்து நோயை விரைவில் இறக்கின. நீடித்த கரிம மாசுகளுக்கான ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் 2001-ல் எழுதப்பட்டபோது டி.டி.டி.யை முழுக்கத் தடை செய்யாமல், நோய் பரப்பும் பூச்சிகளுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது இந்த மாதிரி அனுபவங்களால்தான். அந்த முடிவு சரி என்றே நினைக்கிறேன்.

ஆனால் சுவருக்கு மட்டும் என்றால் சுத்தமாகக் கெடுதல் இல்லை என்று ஆகிவிடாது. மருந்தடித்த வீட்டுக்குள் இருப்பவர்கள் அந்தத் தூசியைத்தான் சுவாசிக்கிறார்கள், தரையில் தவழும் குழந்தை அதைத்தான் வாயில் வைக்கிறது. இந்தியாவில் பல ஊர்களில் எடுத்த தாய்ப்பால் மாதிரிகளில் டி.டி.டி.யும் டி.டி.இ.யும் இருந்தன. மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடும் என்று ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடிய பட்டியலில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-ல் இதைச் சேர்த்தது. மலேரியாவில் குழந்தை சாகும் ஊரில் இந்த அபாயத்தை ஏற்றுக்கொள்ளலாம். கொசுவே மருந்துக்குச் சாகாத ஊரில் எதற்காக ஏற்றுக்கொள்வது? பீகாரில் காலா அசார் நோயைப் பரப்பும் மணல் ஈக்கு எதிராக டி.டி.டி.யை எத்தனையோ ஆண்டுகள் அடித்துவந்தார்கள். ஈ தாங்க ஆரம்பித்து வெகுகாலம் கழித்துத்தான் வேறு மருந்துக்கு மாறினார்கள். இடைப்பட்ட காலத்தில் அந்தச் சுவர்களிலிருந்து அந்த வீட்டுக்காரர்களுக்குக் கிடைத்தது கெடுதல் மட்டும்தான்.

தயாரிக்கும் இடத்தில் இருப்பவர்களை இரண்டு கட்சியும் நினைத்துப் பார்ப்பதே இல்லை. கொச்சிக்குப் பக்கத்தில் பெரியாற்றங்கரையில் ஏலூர் இருக்கிறது. அரசின் பூச்சிமருந்துத் தொழிற்சாலை ஐம்பதுகளின் கடைசியிலிருந்து அங்கே டி.டி.டி. தயாரித்தது. அந்தத் தொழிற்பேட்டையின் கழிவு குழிக்கண்டம் தோடு என்ற ஓடையில் இறங்கிப் பெரியாற்றுக்குப் போனது. தோட்டின் சேற்றில் டி.டி.டி. படிந்தது, கரையில் வீடும் கிணறும் வைத்திருந்தவர்கள் பல்லாண்டுகளாகப் போராடினார்கள். பீகாரின் சுவருக்கும் ஆப்பிரிக்காவின் சுவருக்கும் மருந்து அனுப்பிய நாடு, அதைச் செய்த ஊரின் தோட்டைச் சுத்தம் செய்யும் செலவையும் மருந்தின் விலையில் சேர்த்திருக்க வேண்டும். அது கருணையில் சேராது, கொடுக்க வேண்டிய கடன்.

மருந்தடிப்பதற்கு முன் அந்த ஊர்க் கொசுவைப் பிடித்து மருந்து பூசிய தாளுள்ள குழாயில் ஒரு மணி நேரம் விட்டு, அடுத்த நாள் எத்தனை செத்தன என்று எண்ணிப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. மலிவானது, ஒரு சிறிய ஆய்வகத்தில் செய்துவிடலாம். அதில் தோற்ற மருந்தை எந்த ஊரின் சுவரிலும் அடிக்கக் கூடாது என்று சட்டமே இருக்க வேண்டும் என்பது என் கருத்து. பெரியப்பாவிடம் கேட்டேன், அப்படி யாராவது பார்த்துவிட்டு அடித்தார்களா என்று. "மருந்து மூட்டை வந்தா அடிக்கணும். வரலைன்னா உக்காரணும். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்" என்றார்.

இலங்கையில் கடைசியாக உள்ளூரில் பரவிய மலேரியா 2012 அக்டோபரில் பதிவானது. 2016 செப்டம்பரில் அது மலேரியா இல்லாத நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. இந்த இரண்டாவது வெற்றியை டி.டி.டி. வாங்கித் தரவில்லை. போர் நடந்த வடக்கு, கிழக்கு உட்பட, ஊர் ஊராகப் போய் இரத்தம் எடுத்துப் பார்த்தவர்கள், கொசுவலை கொடுத்தவர்கள், வெளிநாட்டிலிருந்து காய்ச்சலோடு வருகிறவரைத் தேடிப் பிடித்து மாத்திரை கொடுத்தவர்கள்தான் வாங்கித் தந்தார்கள்.

சான்று வந்த அதே ஆண்டின் கடைசியில் மன்னாரில் ஒரு புதிய கொசுவைக் கண்டுபிடித்தார்கள்: அனோஃபிலிஸ் ஸ்டீபன்சி. சென்னையில் மொட்டைமாடித் தொட்டியிலும் கிணற்றிலும் வளர்ந்து மலேரியா பரப்பும் அதே இனம். இந்திய நகரங்களில் அது டி.டி.டி.யைத் தாங்கப் பழகி வெகுகாலம் ஆகிறது. மன்னாரில் சுகாதாரப் பணியாளர்கள் கிணறு கிணறாகப் போய், புழு தின்னும் மீன் விடுகிறார்கள். மீன் விட முடியாத இடத்தில் புழுக்கொல்லி போடுகிறார்கள். திரும்ப வந்து மீன் உயிரோடு இருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள்.